கடக்காதவர்களின் பாலம்

தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போதே மாதா கோவில் மைக் கரகரத்தது. "நூர்ஜகான் மக பரீட்சைக்குப் போவுது. நிக்க வாங்க, எல்லாரும் நிக்க வாங்க." நான் அடுப்பை அணைத்தேன். என் கணவர் அருளப்பன் வாயில் பல் பிரஷ்ஷோடு செருப்பைத் தேடினார். வெள்ளாங்கரையில் எந்த வீட்டில் யார் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தாலும், தெருவே போய்க் கரையில் நிற்பது எங்கள் வழக்கம்.

கரையில் மஞ்சள் கோடு போட்ட காத்திருப்பு மேடை ஒன்று உண்டு. அதன் ஓரத்துக் கம்பத்தில் ஒரு கேமரா எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது தேவைமானி என்ற கணக்கு இயந்திரம். மேடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், ஆற்றில் வரும் படகு என்ன சரக்கு ஏற்றியிருக்கிறது, அது தாமதமானால் என்ன நட்டம் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எங்கள் பக்கம் கனமாக இருந்தால் தூக்குப்பாலத்தை இறக்கும். தனி ஆளுக்கு அது இறங்கியதே கிடையாது. அதனால்தான் கூட்டமாக நின்றோம். பாலம் இறங்கும், போக வேண்டியவள் ஓடுவாள், மற்றவர்கள் வீடு திரும்பி விட்ட வேலையைத் தொடருவோம்.

பாலத்தின் வரலாறு என்று நீர்வழிக் குழுமம் ஒரு பளபளப்பான பலகை வைத்திருக்கிறது. கடல் உள்ளே ஏறியதாம், ஆறு அகன்றதாம், பழைய பாலம் முழுகியதாம், குழுமம் தூக்குப்பாலம் கட்டிக் கொடுத்ததில் ஊர் வளம் பெற்றதாம். வளம்! படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பலகையில் இல்லாததை நான் சொல்கிறேன். தொடக்கத்தில் பாலம் கீழேதான் கிடந்தது. படகு வந்தால் மட்டும் தூக்கினார்கள். ஆளில்லாத தானோட்டிப் படகுகள் பெருகப் பெருக, தூக்கிய பாலத்தை இறக்க நேரமில்லாமல் போனது. பிறகு பாலம் எப்போதும் மேலேயே நின்றது, அதை இறக்கச் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். என்றைக்கு இப்படித் தலைகீழானது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்லறைத் தோட்டம் எல்லாம் வடகரையில். சொந்தத் தோணி விடத் தடை. பறக்கும் ஆம்புலன்ஸ் பாலமில்லாத ஊர்களுக்குத்தானாம். எங்களுக்குத்தான் பாலம் இருக்கிறதே!

பரீட்சை முடிந்த சில வாரங்களில் அது நடந்தது. மோட்டார் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த அருளப்பன், மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மைக்கில் சொன்ன மறு நிமிஷம் ஊரே திரண்டுவிட்டது. சலூனிலிருந்து பாதி மழித்த முகத்தோடு ஒருவரும், அவர் பின்னால் சலூன்காரரும் ஓடி வந்தார்கள். நூர்ஜகான் அக்கா மாவு ஒட்டிய கையோடு வந்து நின்றாள். மேடை கொள்ளவில்லை.

பாலம் அசையவில்லை. ஒரு படகு போனது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. நான் கம்பத்திலிருந்த உதவிப் பொத்தானைக் குத்தினேன். எங்கோ நகரத்திலிருந்து நிவேதன் என்ற பொறுப்பாளர் பேசினார்.

"அம்மா, உங்க கரையில தேவை ரொம்பக் கம்மியா காட்டுதும்மா."

"கம்மியா? ஊரே நிக்குது, தெரியலையா?"

"தெரியுதும்மா. ஆனா இவங்க எல்லாரும் நின்னுட்டு, கடக்காமலேயே திரும்பிடறாங்க. தேவைமானி அதைக் கத்துக்கிச்சு. இப்பல்லாம் இவங்களைக் கடக்காதவர்கள்னு வச்சு, கணக்குலேருந்து கழிச்சிடுது."

"சரி, எங்களைக் கழிங்க. என் வீட்டுக்காரரு கடக்கணும். அவரைக் கணக்குல எடுங்க."

"அவரும் அப்படி நின்னவருதாம்மா. எல்லாரையும் விட அதிகமா நின்னிருக்காரு."

யார் வீட்டுக்கு நிற்கவும் அவர் போகாமல் இருந்ததே இல்லை. காய்ச்சலோடு கூடப் போய் நின்றிருக்கிறார்.

"நெஞ்சு வலி தம்பி. ஆளு துடிக்கிறாரு."

"மருத்துவ அவசரம்னு ஆஸ்பத்திரிலேருந்து சான்று வந்தா உடனே இறங்கிடும்மா."

"டாக்டரு பார்க்காம சான்று தர மாட்டாரு. ஆஸ்பத்திரி அந்தக் கரையில இருக்குடா பாவி! நீயே இறக்கித் தொலையேன்!"

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. மேல எழுதிப் போட்டிருக்கேன்."

அவர் மேலே எழுதிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, என் மடியில் தலை வைத்திருந்த அருளப்பனின் மூச்சு நின்றது. அப்போது கடந்துபோன படகின் தளம் முழுக்கப் பச்சைச் சுருள்கள். நகரத்து வீடுகளின் முற்றத்தில் விரிக்கும் புல்தரை. வாடிவிடக் கூடாது என்று அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார்கள், இல்லை, அதற்கும் ஆள் கிடையாது, ஒரு குழாய் தானாகத் தெளித்தது.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தோம். கல்லறையில் அடக்கத்துக்குப் பதிந்திருந்ததால், பாலம் எங்களுக்கு முன்பே இறங்கிக் கிடந்தது. இறந்தவர் திரும்பி வந்து கணக்கைக் கெடுக்க மாட்டார் அல்லவா, தேவைமானி அவரை முழுசாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஊர் முழுவதும் பெட்டிக்குப் பின்னால் நடந்தது. வழக்கம்போல யாரோ, "படகு வருது, வெரசா நடங்க" என்றார்கள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பாலத்தின் மேல் ஆள் இருக்கும்வரை அது எழும்பாது. அது பாதுகாப்பு விதி, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் இத்தனை காலம் படகுக்கு வழிவிட்டு ஓட்டமாக ஓடியிருக்கிறோம். அடுத்தவர் வேலை கெடக் கூடாது என்ற நல்ல எண்ணம். அந்தப் படகில் அடுத்தவர் என்று ஒருவருமே இல்லை! எங்கள் மரியாதையை நினைத்து எனக்கு எங்கள் மேலேயே ஆத்திரம் வந்தது.

பாலத்தின் நடுவில் நின்றேன். "இறக்கி வைங்க" என்றேன்.

பங்குச் சாமியார் பதறினார். "பனிமேரி, அடக்கம் பண்ண வேணாமாம்மா?"

"பண்ணலாம் சாமி. அவருக்கு இனிமே அவசரம் ஒண்ணுமில்ல."

பெட்டியை இறக்கினார்கள். நூர்ஜகான் அக்கா அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் மகள் உட்கார்ந்தாள். பிறகு சலூன்காரர். பிறகு வரிசையாக எல்லாரும். வளைவில் முதல் படகு வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. மாற்றி மாற்றிச் சங்கு ஊதின.

பாலத்தின் ஒலிபெருக்கியில் நிவேதனின் குரல் கேட்டது. "அம்மா, உங்க வருத்தம் புரியுது. திருத்தம் வந்துடுச்சு. நாளையிலேருந்து உங்க எல்லாரையும் முழுசாக் கணக்குல எடுத்துக்கும். இப்ப தயவுசெஞ்சு எல்லாரும் கடந்துடுங்க."

நான் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"திருத்தமெல்லாம் எதுக்கு தம்பி? உங்க மிஷின் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு. நாங்க கடக்காதவங்க. இன்னைக்கும் கடக்கப் போறதில்லை."