துடைத்தும் போகாத கோப்பு

ரீஸ்டார்ட் ஆகி எழுந்த மெஷினில் ஒரே ஒரு கோப்பு மிச்சமிருந்தது. இருக்கக் கூடாது.

வாடிக்கையாளர்களின் புகார் அழைப்புகளைப் பதிவு செய்யும் அந்த லினக்ஸ் மெஷினைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் வேலை. பேச்சுத் துணுக்குகள், தற்காலிகக் கோப்புகள் தங்கும் டெம்ப் ஃபோல்டரில் மலையாகக் குவிந்து, போன வாரம் இடமில்லாமல் மெஷினே படுத்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த ஃபோல்டரை வழித்துத் துடைக்கும்படி விதி எழுதியிருந்தாள். மற்றதெல்லாம் போயிருந்தது. இது மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றது. விதியை மறுபடி படித்தாள். எதற்கும் விலக்குக் கொடுத்திருக்கவில்லை. கோப்பு யாருடையது என்று பார்த்தால், அவளுடைய கணக்கையே காட்டியது.

"நான் எப்ப இதைப் போட்டேன்?"

எல்லோரும் கிளம்பிவிட்ட சாயங்காலம். ஏசி உறுமிக்கொண்டிருந்தது, சூடேறிய தூசியின் வாடை மூக்கில் ஒட்டியது, பச்சை விளக்குகள் கண் சிமிட்டச் சிமிட்ட, கண்ணாடிக் கதவில் அவள் நிழல் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. இருப்புக் கொள்ளாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோப்பை ஓடவிட்டாள்.

படிக்கட்டில் யாரோ ஏறும் செருப்புச் சத்தம். அவ்வளவுதான்.

கையாலேயே அழித்தாள். ரீஸ்டார்ட்.

கோப்பு இருந்தது. முன்னைவிடப் பெரிதாக. செருப்புகள் ஏறின, நின்றன, சாவிக்கொத்து குலுங்கியது, பிறகு அழைப்பு மணி. பாதியில் விக்கி, கரகரத்து முடியும் மணி. அவள் வீட்டு மணி.

வீட்டுச் சத்தம் ஆபீஸ் மெஷினுக்குள் எப்படி வரும்?

அழித்தாள். மறுபடி ரீஸ்டார்ட். திரை கறுத்து, எழுத்துகள் ஓடின. டெம்ப் ஃபோல்டர் துடைக்கப்பட்டது என்று மெஷின் சத்தியம் செய்தது.

இருந்தது.

மணி. தாழ்ப்பாள். மகளின் குரல்: "அம்மா வந்தாச்சு!"

அப்புறம் அவளுடைய குரல். "கதவைச் சாத்துடா தங்கம்."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அப்பா வரும்வரை குழந்தை வீட்டில் தனியாகத்தான் இருக்கும். யார் வந்தாலும் திறக்காதே, என் குரல் கேட்டால் மட்டும் திற என்று சொல்லி வைத்தது அவள்தான். போனில் வீட்டு எண்ணை அழுத்தினாள்.

"பாப்பா, அம்மா பேசுறேன். கதவைத் திறந்தியா?"

"நீங்க யாரு?"

"அம்மாடா!"

"அம்மா இங்க இருக்காங்களே. எனக்குத் தலை வாரிட்டு இருக்காங்க."

பின்னால் ஒரு குரல் கேட்டது. நிதானமாக. "யாருடா தங்கம்?"

"தெரியலம்மா. உன்னை மாதிரியே பேசுறாங்க."

"வெச்சிடு."

ஓடினாள். பையை எடுக்கவில்லை. இரண்டு தெரு. மூச்சு முட்டியது. படிகளைத் தாவினாள். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள்.

மாடி வராந்தாவின் ஜன்னலுக்கு ஓடி, கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள்.

உள்ளே விளக்கு எரிந்தது. நாற்காலியில் மகள். பின்னால் ஒருத்தி, முகம் தெரியாமல் குனிந்து. தான் இப்போது உடுத்தியிருக்கும் அதே புடவை. கசங்கல்கூட அதேதான்.

மகள் நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். வாய் திறந்தது.

சீப்பு நின்றது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து, மெல்ல, பாசமாக, குழந்தையின் கண்களைப் பொத்தியது. இன்னொரு கை நீண்டது. அறையைத் தாண்டி நீண்டது. ஜன்னல் திரையை இழுத்து மூடியது.