புள்ளிகளுக்குள் அவர்

அன்றைக்கு அவர் இடது காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

அதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. உயிரோடு இருந்தவரை அவர் மடக்கியது வலது காலைத்தான். சாப்பாட்டு மேசை, பஸ் சீட்டு, டாக்டர் அறை, எங்கே உட்கார்ந்தாலும் வலது காலை மடித்து அதன்மேல் உட்காருவார். மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லியும் அவர் கேட்டதில்லை. சரி, கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவதில்லையா, இதுவும் அந்த மாதிரிதான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவள் தேநீரை ஊதிக் குடித்தாள்.

"என்னங்க, இன்னிக்குக் கடையில ஒரு கூத்து" என்று தொடங்கினாள்.

அவர் தெரிவது டிவியில், கேபிளின் கடைசி எண்ணில். அங்கே எந்தச் சேனலும் கிடையாது. பழைய பெட்டி டிவியில் அந்த எண்ணை வைத்தால் இரைச்சலும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளும்தான் வரும். போன வருடம் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, வீடு கடிக்கிற மாதிரி இருந்த ஒரு சாயங்காலம், ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனவள் அந்த எண்ணில் நின்றுவிட்டாள். புள்ளிகளுக்கு நடுவே நாற்காலி மாதிரி ஒன்று. அதில் ஆள் மாதிரி ஒன்று. "என்னங்க?" என்று அவள் வாய் தானாகக் கேட்டது. உருவம் நிமிர்ந்தது.

வேறு எப்படிக் கூப்பிடுவாள்? இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒரு நாளும் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. அஞ்சல்காரர் கேட்டால்கூட மகளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வாள். என்னங்க என்றால் அவர் திரும்புவார். திரையிலும் திரும்பினார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கண்ணாடிக்கடையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டே தொண்டை வறண்டுவிடும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் நேரே உள்ளறைதான். அந்த அறைக் கதவு மழைக்காலத்தில் ஊதிப்போய் இறுகிக்கொள்ளும். முன்பெல்லாம் அவர் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளித் திறப்பார், இப்போது அவளே முட்டி மோதிக்கொள்கிறாள். திறந்து, டிவியைப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டுவாள்.

செல்லச் சண்டையும் உண்டு. "ஏன் நட்டுவெச்ச கம்பு மாதிரி உக்காந்திருக்கீங்க? காலை மடிச்சு உக்காந்தாத்தானே உங்களுக்கு ஆகும்?" என்று ஒரு நாள் கேட்டாள். "யோசிக்கறப்போ காதை இழுத்துப்பீங்களே, அதையும் மறந்தாச்சா?" என்று இன்னொரு நாள். மறுநாளே காதை இழுத்துக் காட்டினார். அன்று ஆசை தீர அழுதாள். சாவி கையில் இருந்தாலும் திறக்காமல், சாவிக்கொத்தாலேயே கதவை மூன்று தட்டுத் தட்டி, "நான்தான், கதவைத் திற" என்று அவர் நிற்கிற அழகை நடித்தே காட்டினாள். உருவத்தின் தலை மெல்ல ஆடியது.

சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் அவருடைய வலது மோதிர விரலின் நுனி போய்விட்டது. கட்டுப் போட்ட கையோடு அவர் சிரித்துக்கொண்டே வந்து நின்றதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்காது. அந்தப் பேச்சை அவள் எடுக்கவே மாட்டாள். புள்ளிகளில் விரலும் தெரியாது, முகமும் தெரியாது. முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்துவிட மாட்டோமா என்றுதான் ஏக்கம்.

அந்த நேரத்தில்தான் மகள், வெளியூர் அறையைக் காலி செய்துவிட்டு, இனி வீட்டிலிருந்தே வேலை என்று பெட்டியும் கம்ப்யூட்டருமாக வந்து இறங்கினாள். பழைய டிவியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதை ஓசியில கொடுத்தாக்கூட எவனும் வாங்க மாட்டான்மா. ஹெச்டி வாங்கிடலாம். மூஞ்சியில இருக்கற மரு வரைக்கும் தெரியும்."

மூஞ்சி என்ற சொல்லில் அவள் விழுந்துவிட்டாள்.

டிவி கடையில், புது டிவியோடு சேர்த்துக் கொடுக்க மூன்று கம்பெனிகளின் பெட்டிகள் இருந்தன. விற்பனையாளர் பொரிந்து தள்ளினார். ஒன்றுக்கு மொட்டை மாடியில் டிஷ் தட்டு வைக்க வேண்டும், இன்னொன்று இன்டர்நெட்டில் ஓடும், விளையாட்டு, படம், பாட்டு, எதில் எத்தனை, எந்த மொழியில் எத்தனை. மகள் காது கொடுத்துக் கேட்டாள். இவளுக்கு இருந்தது ஒரே கேள்வி.

"கடைசி நம்பர் வருமா?"

"எந்தக் கடைசி நம்பர்மா?"

"பழைய கேபிள்ல, ஒண்ணுமே வராத நம்பர்."

விற்பனையாளர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே வராததை எதுக்கும்மா பாக்கணும்?" என்று சிரித்தவர், இவள் சிரிக்காததைக் கண்டு, மூலையிலிருந்த தடித்த பெட்டியை எடுத்துத் துடைத்தார். "இது ஒண்ணுதான் பழைய கேபிள் வயரையும் ஏத்துக்கும். படத்துல இருக்கற புள்ளியெல்லாம் துடைச்சு எடுத்துரும். ரெக்கார்டிங்கும் இருக்கு. நீங்க பாட்டு பாத்துக்கிட்டு இருக்கறப்பவே இன்னொரு சேனலைப் பதிவு பண்ணிக்கும். நீங்க வீட்ல இல்லாதப்போ என்ன ஓடுச்சுன்னு சாவகாசமா வந்து பாத்துக்கலாம்."

நான் வீட்டில் இல்லாதபோது. அவளுக்கு இது தோன்றவே இல்லையே! பகலெல்லாம் தன்னந்தனியாக உட்கார்ந்து பாவம் என்ன செய்வாரோ என்று நெஞ்சு இளகிப்போனது.

"அம்மா, இருக்கறதுலயே மட்டமானது இதுதான்" என்று மகள் பல்லைக் கடித்தாள். "விளையாட்டுச் சேனல் ஒண்ணுகூட இல்ல."

"எனக்கு இதான் வேணும்."

மறுநாள் காலையில் ஆள் வந்து புது டிவியையும் பெட்டியையும் பொருத்திவிட்டுப் போனான். மகள் கேட்டபடி கூடத்தில் வைக்காமல், இவள் பிடிவாதமாக உள்ளறையிலேயே வைக்கச் சொன்னாள். விற்பனையாளர் சொல்லிக்கொடுத்தபடி கடைசி எண்ணைப் பொழுது சாயும்வரை பதிவு செய்ய வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் மகள் விடாமல் பாட்டுப் போட்டுக் கட்டிலை ஆக்கிரமித்துக்கொண்டதால் திறந்து பார்க்க முடியவில்லை. அதற்கும் அடுத்த நாள், தலைவலி என்று பொய் சொல்லி மத்தியானமே கிளம்பி வந்தாள். மழை பிடித்திருந்தது. கூடத்தில் மகள் கம்ப்யூட்டரில் மூழ்கியிருந்தாள். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புதுப்பெண் மாதிரி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, அவள் பதிவை ஓட விட்டாள்.

ஈர மண் வாசனையும், புதுப் பெட்டி சூடாகும் பிளாஸ்டிக் வாசனையும் அறையை நிறைத்தன. புள்ளிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. சுவர் வந்தது. ஈரம் ஊறிக் கறுத்த சுவர். நாற்காலி வந்தது. அதில் அவர்.

கால் மடங்கியிருக்கவில்லை. இரண்டு காலும் தரையில், தொங்கப்போட்ட துணி மாதிரி கிடந்தன. கைகள் முழங்காலில். முகம் கீழே.

"என்னங்க" என்றாள், பதிவு என்பதை மறந்து.

முகம் நிமிர்ந்தது, அவள் கூப்பிட்டதற்காக அல்ல. அந்த முகத்தில் புருவம் இருந்தது, மூக்கு இருந்தது, வாய் இருந்தது. எல்லாம் யாரோ சொல்லக் கேட்டு வைத்த மாதிரி, அதனதன் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தன. அந்த வாய் அசைந்தது.

"நான்தான்" என்றது. அவளுடைய குரலில்.

"நான்தான், கதவைத் திற." மறுபடி அவள் குரல், அவள் நடித்துக் காட்டிய அதே இழுப்போடு. "நான்தான்." கொஞ்சம் கனமாக. "நான்தான்." இன்னும் கனமாக. காலையிலிருந்து பகல்வரை, அவள் ஓட்டி ஓட்டி நிறுத்திய இடத்திலெல்லாம் அதே சொல், ஒவ்வொரு தரமும் ஒரு படி தணிந்து, ஒரு படி ஆணாகி, மத்தியானப் பதிவைக் கண்ணை மூடிக் கேட்டால் அவரேதான்.

அவள் அதன் விரல்களைப் பார்த்தாள். முழங்காலில் விரிந்திருந்த வலது கை. மோதிர விரல் நுனி வரை முழுசாக இருந்தது.

அது அவர் இல்லை.

எந்தக் காலை மடக்க வேண்டும் என்று அவள் அதற்குச் சொல்லவில்லை. காலை மடிக்கச் சொன்னாள், அது ஏதோ ஒரு காலை மடித்தது. காதைச் சொன்னாள், இழுத்தது. ஒவ்வொன்றும் அவள் சொன்ன மறுநாள்தான் வந்தது. ஒன்றுகூட முன்னால் வரவில்லை. பாவி, ஊர் பேர் தெரியாத ஒன்றுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வருடம், தன் புருஷனைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்போதுதான் அதன் தோளுக்குப் பின்னால் இருந்த அழுக்குக் கண்ணாடி ஜன்னலைக் கவனித்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் நின்றுகொண்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. வலது உள்ளங்கை கண்ணாடியில் அழுந்தியபோது மோதிர விரல் குட்டையாக இருந்தது. வலது கையேதான். இடம் வலம் எதுவும் மாறவில்லை. வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து மூடினார். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எத்தனை நாளாகத் தட்டுகிறாரோ, கண்ணாடி முழுக்கக் கைரேகை. புள்ளிகளில் அவரை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பதிவு ஓடியது. நேற்று அவள் வாசலில் செருப்பைக் கழற்றிய நேரம் வந்தது. நாற்காலியில் இருந்தது சட்டென்று தலையைச் சாய்த்து எதையோ கேட்டது. உடனே இடது காலை மடக்கியது. காதைப் பிடித்தது. மற்றொரு கையைப் பின்னால் நீட்டி, கண்ணாடியின் மேல் ஒரு துணியை இழுத்து விட்டது. கள்ளக் காதலியை ஒளித்துவைக்கிற ஆம்பளை மாதிரி, அவ்வளவு பழக்கமாக.

"அடப்பாவி" என்றாள். பதிவை நிறுத்தி, நேரலைக்கு மாற்றினாள்.

நாற்காலி காலி.

துணி தரையில் கிடந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவர் மட்டும். அவளையே பார்த்தார். தட்டினார். தட்டினார்.

வெளியே, வாசலில், சாவிக்கொத்தின் சத்தம். மூன்று தட்டு.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று கூடத்திலிருந்து மகள் கத்தினாள்.

"திறக்காதே!" அவள் உள்ளறைக் கதவுக்குப் பாய்ந்தாள். மழைக்கு ஊதி இறுகியிருந்தது. இழுத்தாள். காலை உதைத்து இழுத்தாள். "யாருன்னு கேளு, திறக்காதே!"

மகளின் காலடி வாசல் பக்கம் போனது. பிறகு மகளின் குரல், சின்னப் பிள்ளையின் குரலாகி:

"நான்தான்னு சொல்றாரும்மா. அம்மா... அப்பா குரல்மா."

"அப்பா இல்லடி அது!"

"கதவு ஓட்டை வழியா பாத்தேன். மழையில நனைஞ்சு நிக்கறாரு. காதைப் பிடிச்சுக்கிட்டு... அம்மா, அப்பாதாம்மா!"

"கையைப் பாருடி!" அவள் கதவில் தலையை மோதிக்கொண்டு அலறினாள். "வலது கை! அப்பாவுக்கு மோதிர விரல்ல நுனி கிடையாது! அதைப் பாரு!"

சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கு உறைத்தது.

வெளியே பேச்சு நின்றது. மழை. மழை மட்டும். அப்புறம் வாசல் பக்கம், காய்ந்த குச்சியை ஒடிக்கிற மாதிரி, சின்னதாக ஒரு சத்தம்.

"காட்டறாரும்மா." மகள் அழுதாள், சிரித்தாள். "நுனி இல்லம்மா. அப்பாதான். இருங்கப்பா, இதோ வந்துட்டேன்."

தாழ்ப்பாள் இழுபட்டது.

அவள் திரும்பினாள். திரை அத்தனை தெளிவாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தட்டுவதை நிறுத்தியிருந்தார். கைகள் இரண்டையும் மெல்லத் தூக்கி, முகத்தை மூடிக்கொண்டார்.