கங்கையா பாவி!

செல்போன் அலறியது.

துப்பாக்கியை இறக்காமலே இடது கையால் எடுத்தாள் அபிகாயில்.

எதிரே நாற்காலியில் கட்டிப் போடப்பட்டிருந்தான் லாரி டிரைவர் கங்கையா. அவள் அப்பா ஞானசிங்கைக் கொன்றவன்! புத்தூர் ரோட்டோரம் மண்டை உடைந்து கிடந்தவர், அவள் மடியில் கடைசியாகச் சொன்னது இதுதான்.

"கங்கையா பாவி..."

அன்று அந்த ரோட்டில் லாரி ஓட்டிப் போனவன் இவன்தான். ஆனால் சாட்சி இல்லை என்று கோர்ட் அவனை விட்டுவிட்டது. மகள் விடுவாளா?

ஆளைத் தூக்கி வந்து, திருப்பதியில் தன் குடோனில் உட்கார வைத்து, துப்பாக்கியையும் கொடுத்தவர் ஹரிபாபு. ரியல் எஸ்டேட் புள்ளி. அப்பாவின் நெடுநாள் சிநேகிதர்.

"போன் அப்பறம்மா... மொதல்ல சுடு!"

"அக்கா!" சித்தூரிலிருந்து தம்பி ஸ்டீவன். "நைனா தேடிக்கினு இருந்தாரே, பழைய கிறிஸ்தவ மிஷன் ஊரு... கெடச்சிடுச்சி! வெள்ளக்காரன் காலத்து சர்வே மேப்புல இருக்குது. பேரு இன்னா தெரியுமா? கங்கையா பாவி!"

அபிகாயில் கட்டிப் போட்டிருந்தவனைப் பார்த்தாள்.

"தமிழ் பாவி இல்லக்கா... தெலுங்கு பாவி. கெணறு! நைனா ஆள சொல்லல... எடத்த சொல்லிக்கிறாரு!"

அடக் கடவுளே! இரண்டு பாஷையும் பேசுகிற வீடு. அழுகிற அவசரத்தில் காதில் விழுந்ததோ தமிழ்!

"இப்ப அங்க இன்னாடா இருக்குது?"

ஸ்டீவன் சொன்னான். அவள் போனை வைத்தாள்.

"அங்கிள்... உங்க லேஅவுட்டுல கங்கையா பாவி எந்தப் பக்கம்?"

"அதான் அன்னிக்கே மண்ணு கொட்டி மூடிட்டமே..."

ஹரிபாபு நாக்கைக் கடித்துக்கொண்டார். டூ லேட்!

"கல்லறை இருக்குற எடம்னு நைனா மேப்போட வந்து நின்னாரு. பிளாட்டு போட முடியாது. அதானே?"

"எத்தினி வாட்டி சொன்னேன்... கேக்கலம்மா! புடிச்சித் தள்னேன்... கெணத்துக் கல்லுல... அப்பறம் ரோட்டோரம் கொண்டாந்து போட்டுட்டேன்..."

சண்டாளன்! இவன் தோளில் சாய்ந்தா அழுதோம்? அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

துப்பாக்கி திரும்பியது.

ஹரிபாபு சடாரென்று கங்கையாவின் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினார்.

"நவுராத அங்கிள்!" அவள் விரல் விசையில் இறுகியது.

"மேடம்!" கங்கையா கதறினான். "தாராளமா சுடுங்க, வேணாங்கல... என்னியக் கொஞ்சம் நவுத்தி வெச்சிட்டு சுடுங்க!"