முந்நூற்று இருபதாவது கிலோமீட்டர்

லாரி அலுவலகம் டயர் கிடங்கின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. வண்டிகளுக்குப் பாதைத்தாள் எழுத வேண்டும். எந்தச் சாலை, வழியில் எந்தப் பாலம் எவ்வளவு உயரம், எல்லை தாண்ட என்ன அனுமதிச் சீட்டு, டிரைவர் எங்கே படுக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு தாளையும் மூன்று முறை சரிபார்ப்பாள். சந்தேகம் தீராமல் நான்காம் முறையும் பார்ப்பாள்.

அன்று வந்தது அவள் அண்ணன் ஓட்டும் வண்டி. அடுத்த மாநிலத்துக்கு இயந்திரச் சரக்கு. எட்டு மணி நேரம் ஓட்டினால் எட்டு மணி நேரம் ஓய்வு எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். எட்டாவது மணியில் வண்டி 320-வது கிலோமீட்டரில் இருக்கும். அங்கே வெறும் பொட்டல். லாரி நிறுத்தும் இடம் அதற்கும் அப்பால் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தது. முன்னாலேயே நிறுத்தலாம் என்றால், வழியில் வேறு இடமே கிடையாது.

"இதுக்கா மண்டையை உடைச்சுக்கிறே?" என்றார் மேனேஜர். "320-ல ஓய்வு நிலையம்னு போடும்மா. எல்லையில தாளைத்தான் பார்ப்பாங்க. இடத்தையா போய்ப் பார்க்கப் போறாங்க?"

"இல்லாத இடத்தை எப்படி சார் எழுதறது?"

"எழுதினா இருந்துட்டுப் போகுது." சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

எழுதினாள். பொய்யே ஆனாலும் அரைகுறையாக எழுத அவளுக்கு வராது. காலிக் கட்டங்கள் கண்ணை உறுத்தின. உள்ளே போகும் வாசல்: பச்சை இரும்புக் கேட். தண்ணீர்: ஒரு குழாய். நிழல்: தகரக் கூரை. பொறுப்பாளர்: ஒருவர். எல்லாம் கார்பன் வழியே நகலிலும் பதிந்தது.

"ஏய் பேனாக்காரி! எழுதறது பாதைத்தாளா, கல்யாணப் பத்திரிகையா?" அண்ணன் வந்து மேல்தாளை உருவிக்கொண்டான்.

"இருண்ணா, இன்னும் ஒரு தடவை பார்த்துடறேன்."

"நீ பார்த்து முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்."

"320-ல இடம் எதுவும் இல்லைண்ணா. அது தாளுக்குத்தான். தூக்கம் வந்தா ஓரங்கட்டிடு."

"உத்தரவு மகாராணி."

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டான். பகல் ஒன்று பத்துக்கு, வண்டிகள் எங்கே போகின்றன என்று காட்டும் அலுவலகத் திரையில் அவன் வண்டியின் பச்சைப் புள்ளி நின்றது.

320.

போன் போட்டாள்.

"ஏன்டி பொய் சொன்னே?" என்றான். "இடம் ஜம்முனு இருக்கு. பச்சை கேட்டு, உள்ளே ஒரு குழாய்..."

அவள் கை மேஜையில் நகலைத் தேடியது.

"தகரக் கூரை இருக்கா?"

"அதுக்குக் கீழேதான் வண்டியை விட்டிருக்கேன். ஒருத்தர் வந்து கேட்டைத் திறந்தார். தாளை வாங்கி வச்சுக்கிட்டார்."

"எப்படி இருக்கார் அவர்?"



"எதிர்லதான் நிக்கிறார். மூஞ்சி பிடிபடலை. இருட்டா இருக்கில்ல."

"இருட்டா? மணி ஒண்ணுதானேண்ணா ஆகுது!"

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. போனுக்குள் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. சொட்டு. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

"இங்கே இருட்டிடுச்சு. கார்பன் தாள் வாசனை வேற குப்புன்னு அடிக்குது."

"வண்டியை எடு. இப்பவே."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் கேலி செய்யவில்லை. எஞ்சின் உறுமியது. நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"கேட்டைக் காணோம்."

"வந்த வழியிலேயே பாருண்ணா!"

"மூணு சுத்து சுத்திட்டேன். சுவருதான் இருக்கு. வெளிய போற வழி எதுன்னு கேட்டா, தாளைக் காட்டறார்."

அவள் நகலைப் பார்த்தாள்.

வெளியே போகும் வாசல்.

அண்ணன் தாளை உருவிய அவசரத்தில் அந்தக் கட்டம் காலியாகவே நின்றுவிட்டது.

பேனாவை எடுத்து எழுதினாள். 'பெரிய கேட். திறந்திருக்கிறது.' அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது.

"இப்ப பாருண்ணா! வழி இருக்கா?"

"இல்லையே."

"அப்போ உன் தாள்ல நீயே எழுதிடு!"

"அவர் கையை விட்டுத் தர மாட்டேங்கறார்." குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "எட்டு மணி நேரம் படுக்கணுமாம்."

"படுக்காதேண்ணா. பேசிக்கிட்டே இரு."

"கண்ணைச் சொக்குதுடி..."

எஞ்சின் அடங்கியது.

குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஆள் அனுப்பினார். போலீசும் போனது. 320-ல் பொட்டல்தான் இருந்தது. டயர் தடம்கூட இல்லை. அம்மா தினமும் அவளிடம் ஒரே கேள்வி கேட்டாள்: "கிளம்பிட்டானா?"

அவள் வேலையை விடவில்லை. அந்தப் பச்சைப் புள்ளி இந்தத் திரையில் மட்டும்தான் தெரிந்தது. அது நகரவே இல்லை.

ஒன்பதாம் நாள் அதே சாலையில் இன்னொரு வண்டி. "எழுத மாட்டேன் சார்" என்றாள். ஓய்வுக் கட்டங்கள் முழுவதையும் காலியாக விட்டாள். நான்கு முறை சரிபார்த்தாள். பிறகு மேல்தாளைக் கிழித்து, கார்பனை எடுத்தாள்.

நகலில், அவள் கையெழுத்திலேயே எல்லாம் பதிந்திருந்தது. 320. பச்சை இரும்புக் கேட். ஒரு குழாய். தகரக் கூரை.

பொறுப்பாளர்: இருவர்.