திரும்பாதவர்களின் பாதை

“மூட்டு வலி எந்த இடத்துல ஆரம்பிச்சுது, மாமா?”

“கவைப்பாறைகிட்ட. இதையெல்லாம் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேனேம்மா.”

“எனக்காக இன்னொரு தடவை.”

“முட்டி மடங்கவே மாட்டேன்னு அடம்பிடிச்சுது. பாறை மேல உக்காந்துட்டேன். கடைசி ஆளா உங்க அண்ணன் வந்தான். நீ போ, நான் இறங்கிக்கிறேன்னு அனுப்பி வச்சேன். அவன் மேல போனான், நான் கீழ வந்தேன். அவ்வளவுதான்.”

சங்கத் தலைவர் சொன்னதைக் கேட்டுப் பல் டாக்டர் தலையசைத்தாள். பக்கத்து அறையில் அவளுடைய அண்ணன் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தான். ‘கழுத்து’ என்று எல்லோரும் அழைக்கும் ஒடுங்கிய மலை விளிம்புக்குக் கீழே, கற்களுக்கு நடுவில், இன்று விடிந்ததும் அவனைக் கண்டெடுத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தாள், சட்டைக் காலரைச் சரிசெய்தாள், வெளியே வந்தாள். அழவில்லை. அழுகை எங்கும் ஓடிவிடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அவளுக்கு இதைச் செய்த ஆள் வேண்டும்.

மலையடிவாரத்து அந்தக் குடிசைதான் முன்னோடிப் பாதைச் சங்கத்தின் கூடம். சுவரில் பெரிய வரைபடம், மூலையில் கைத்தடிகள், கொடியில் ஈரக் காலுறைகள். வெகு காலத்துக்கு முன் ஒரு பயணக்குழு இங்கிருந்துதான் மலையேறி, மறுபக்கத்து நதியைத் தேடிப் போனது. அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஆண்டுக்கொரு முறை சங்கத்தார் அதே வழியில் நடப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடைவெளி விட்டு, பேசாமல், பின்னால் திரும்பிப் பார்க்காமல். நதிக்கரையில் பஸ் காத்திருக்கும். நடந்து திரும்புவது என்ற பேச்சே இல்லை. அவர்கள் திரும்பவில்லை, நாமும் திரும்புவதில்லை.

வழிக்குறி தீட்டும் வேலை அண்ணனுக்கும் தங்கைக்கும். சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஏற ஏற, எதிர்ப்படும் பாறை முகத்தில் ஒரு கோடு, மரத்தில் ஒரு கோடு. “பல்லுக்குப் பூசிப் பழகின கை, ஒரு சொட்டு சிந்துதா பாரு” என்று அண்ணன் கிண்டலடிப்பான்.

நேற்று அவள் முதல் ஆளாக நடந்தாள். மதியம் வரை வழியெல்லாம் மூடுபனி. விதிப்படி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் நதிக்கரையில் எண்ணிப் பார்த்தபோது அண்ணனும் தலைவரும் குறைந்தார்கள். பஸ்ஸில் திரும்பி வந்து பார்த்தால், தலைவர் குடிசையில் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தார்.

“டாக்டரம்மா, எனக்கு இது தெளிவாத்தான் இருக்கு,” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. “பனியில கால் தவறியிருக்கு. சார் கீழ வந்த பிறகு நடந்திருக்கு.”

“இருக்கலாம் சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்.” அவள் தலைவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மாமா, நீங்க இறங்கும்போது பனி எப்படி?”

“கையை நீட்டினா விரல் தெரியாது.”

“கவைப்பாறையில ஆட்டுத்தடம் நாலா பக்கமும் பிரியுமே. எப்படி வழி கண்டுபிடிச்சீங்க?”

“நீங்க ரெண்டு பேரும் போட்ட குறி இருக்கே, கண்ணு. ஒரு கோட்டைத் தாண்டினா அடுத்த கோடு எதிர்ல விளக்கு வச்ச மாதிரி சிவப்பா தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டே இறங்கிட்டேன். அந்தக் கோடு இல்லேன்னா நானும் இன்னிக்கு இல்ல.”

கதவருகே நின்ற ரொட்டிக்கடைக்காரர் நிமிர்ந்தார். அண்ணனோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டித் திரிந்தவர். அவரும் போன வருடம் ஒரு நாள் டப்பா தூக்கப் போயிருந்தார்.

“சிவப்பு எதிர்ல தெரிஞ்சுதா?” என்றாள் அவள்.

“தெரிஞ்சுதேம்மா.”

“எல்லாக் கோடுமா?”

“ஒண்ணு விடாம.”

“கேட்டுக்கிட்டீங்களா சார்?” அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பவில்லை. கண் தலைவர் மேலேயே இருந்தது. “ஏறுறவங்க கண்ணுக்குப் படுற பக்கத்துல மட்டும்தான் நாங்க கோடு போடுவோம். மேலேர்ந்து இறங்கினா பாறையோட முதுகுதான் தெரியும். வெறும் கல்லு. யாருமே திரும்பி வராத பாதையில மறுபக்கத்துக்கு எதுக்குப் பெயிண்ட்? நீங்க இத்தனை வருஷமா ஏறத்தான் ஏறியிருக்கீங்க. ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டீங்க, மாமா.”

தலைவர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. “குத்துமதிப்பா வந்தேன்னு வச்சுக்கயேன். பழகின கால்.”

“பழகின கால் விளக்கு மாதிரி சிவப்பைப் பாக்குமா?”

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். “ஒரு நிமிஷம்மா. பனி விலகற வரைக்கும் பாறையிலேயே உக்காந்திருந்தேன்னு சொல்லியிருக்கலாமே. அதை எதுக்கு மறைக்கணும்?”

“கழுத்து அங்கேர்ந்து கூப்பிடு தூரம் சார். உக்காந்திருந்தேன்னு சொன்னா, அவன் விழுந்த சத்தம் கேக்கலையான்னு நீங்க கேப்பீங்க. அதனாலதான் பனியிலேயே தன்னைக் கீழ இறக்கிக் காட்டினாரு. உண்மையில மதியம் வெயில் வந்து தடம் தெரிஞ்ச பிறகுதான் இறங்கியிருக்காரு, கோட்டைத் தேட வேண்டிய அவசியமே வரல. அதுவரைக்கும் மேலதான் இருந்தாரு. அவன்கூட.”

கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்த சங்கத்தார் தலைவரைப் பார்த்தார்கள். சுவரில் வரைபடத்துக்குப் பக்கத்தில் தலைவருடைய கொள்ளுத்தாத்தாவின் படம் தொங்கியது. பயணக்குழுவுக்கு வழிகாட்டியாகப் போய், அவர்களோடு உயிர்விட்டவர் என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பெருமையில்தான் அந்த வீட்டின் மூன்று தலைமுறை நிமிர்ந்து நடந்தது. தலைவர் பதவி தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்ததும் அதனால்தான்.

“அண்ணன் நதிக்கரையில ஒரு விஷயம் சொல்றதா இருந்தான்,” என்றாள் அவள் எல்லோரையும் பார்த்து. “என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டான். இவங்க கொள்ளுத்தாத்தா பயணக்குழுவோட சாகல. கழுத்துல அவங்களை விட்டுட்டு மறுபக்கமா இறங்கி, வேற ஊர்ல வேற குடும்பத்தோட வயசாகித்தான் செத்தாரு. அந்தக் குடும்பத்துப் பேரனை அண்ணன் நேர்ல பாத்துப் பேசிட்டு வந்தான். மாமா மனசு கஷ்டப்படக் கூடாது, எல்லாருக்கும் முன்னாடி முதல்ல அவர்கிட்ட தனியா சொல்லணும்னான். கவைப்பாறையில சொன்னானா, மாமா?”

தலைவர் முட்டியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

“சிரிச்சுக்கிட்டே சொன்னான். உங்க கொள்ளுத்தாத்தா ஓடுகாலி, மாமா, அதனால என்ன, நீங்க எப்பவும் எங்க தலைவர்தான்னு சொன்னான். தோள்ல வேற தட்டினான். பேசிக்கிட்டே கழுத்து வரைக்கும் நடந்தோம். ஒரு தள்ளுதான். நான் நினைச்சுப் பண்ணல.”

“உடனே செத்தானா?”

அவர் முகத்தை வரைபடத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மாமா. உடனே செத்தானா?”

“கொஞ்ச நேரம் கூப்பிட்டான்.”

“யாரை?”

“என்னைத்தான்.”

ரொட்டிக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் மெல்ல எழுந்தார்கள். ஒருவர் கைத்தடி இருந்த மூலைப் பக்கம் நகர்ந்தார்.

இன்ஸ்பெக்டர் செல்போனை ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. ஏட்டு ஆம்புலன்ஸை அழைத்துவரப் போயிருந்தார். ஜீப் கீழே தார் ரோட்டில் நின்றது, வயர்லெஸ் அதில்தான். அவர் டாக்டரைப் பார்த்தார். பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். தொப்பியை எடுத்தார்.

“போய்ட்டு நிதானமா வாங்க சார்,” என்றாள் அவள். “எங்க தலைவர்தானே, நாங்க பாத்துக்கறோம்.”

ரொட்டிக்கடைக்காரர் இன்ஸ்பெக்டருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். தலைவர் தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மூட்டு நன்றாகவே மடங்கி நிமிர்ந்தது.

“இன்ஸ்பெக்டர், விலங்கு போட்டே கூட்டிட்டுப் போங்க. என்னை இவங்ககிட்ட விட்டுட்டுப் போகாதீங்க.”