தட்டின் இடது பாதி

"அக்கா, என் இடது பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது யாரு?"

தங்கை இப்படிக் கேட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்த அன்று மத்தியானம். பையைத் தூக்கி வந்த டாக்ஸிக்காரர் அப்போதுதான் மாடிப்படி இறங்கிப் போயிருந்தார். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் நீண்டு கிடந்தது. அக்கா போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு இடப்பக்கம் மர நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் யாரும் இல்லை.

"யாருமில்லையே, பாப்பா."

"இல்லையா? மூச்சு விடுற சத்தம் கேக்குதே."

நாற்பதைத் தாண்டிய பிறகும் தங்கை அவளுக்குப் பாப்பாதான். இருவருக்கும் வேறு நாதி இல்லை. அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். தங்கை சலவைக் கடைக் கவுன்டரில் துணி வாங்கிப் போடுகிற வேலையில் இருந்தாள். அங்கேதான் திடீர் திடீரென்று அவள் முகம் குப்பென்று சிவக்கும். "என்ன, என்னைப் பார்த்தா வெட்கமா?" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவளும் சிரித்து மழுப்புவாள். அது வெட்கமில்லை, குடலில் சத்தமில்லாமல் வளர்ந்த கட்டி கக்குகிற சுரப்பு என்று தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது.

"நியூரோ எண்டோக்ரைன் கட்டிம்மா. ஹார்மோன் சுரக்கிற செல்லுல ஆரம்பிக்கும். மெதுவாத்தான் வளரும். மூளைக்குப் போறது ரொம்ப அபூர்வம்," என்றார் டாக்டர்.

"அபூர்வமானதுக்கெல்லாம் எங்க வீட்டு விலாசம் மட்டும் நல்லாத் தெரியுது, டாக்டர்," என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. அதனால் கண் நன்றாக இருந்தும் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தங்கைக்கு உறைக்காது. கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தாயிற்று. பலன் தெரியக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

"அவங்களா இடது பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சா நல்ல அறிகுறி."

அந்த ஒரு வார்த்தையை அக்கா உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை முடியை வலப்பக்கம் மட்டும் சீவிக்கொண்டாள். தட்டில் சோறு வைத்தால் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "முடிச்சாச்சு," என்பாள். இடது பாதி கோடு கிழித்ததுபோல அப்படியே இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஊசி போடுகிற நர்ஸ்தான் வழி சொன்னாள். வாய் ஓயாத பெண். தட்டை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தாள்.

தங்கையின் கண் விரிந்தது. "இது எங்கேருந்து வந்தது?"

"மந்திரம் போட்டேன். பேசாம சாப்பிடுங்க," என்றாள் நர்ஸ். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அதுதான் கடைசிச் சிரிப்பு.

போகும்போது வாசலில் அக்கா மெல்லக் கேட்டாள். "சிஸ்டர், இடது பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு சொல்றாளே?"

"மூளையில கட்டி இருந்தா என்னென்னமோ தோணும், அக்கா." செருப்பை மாட்டிக்கொண்டே நர்ஸ் நின்றாள். "ஆனா இடது பக்கமே இல்லைங்கிறவங்களுக்கு, அங்க மட்டும் ஆள் எப்படித் தெரியுது?" உடனே தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். "நான் ஒருத்தி. விடுங்க. நீங்க அந்தப் பக்கமே உட்கார்ந்து பேசுங்க. பழகிடும்."

மறுநாளிலிருந்து தங்கை தட்டைத் திருப்ப விடவில்லை. விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்னோடது இல்ல, அக்கா."

அக்கா தட்டை எடுத்துக் கழுவப் போனாள். மிச்சச் சோற்றில் விரல் பட்டதும் திடுக்கிட்டாள். வலப்பக்கம் ஒட்டியிருந்த பருக்கைகளில் இன்னும் சூடு இருந்தது. இடது பாதி சில்லிட்டு விறைத்திருந்தது.

ஒரே பானைச் சோறு.

அறையில் ஒரு வாடையும் வரத் தொடங்கியது. ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்த வாடை. அக்கா தரையைத் தேய்த்தாள், திரையைத் துவைத்தாள், மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும் வாடை போகவில்லை. தங்கையின் முகம் சிவக்கும்போதெல்லாம் அது கூடியது.

இருந்தாலும் அக்கா அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். "பாப்பா, இங்க பாரு. அக்கா இங்க இருக்கேன்." காஜா எடுத்துக்கொண்டே கூப்பிடுவாள், பித்தான் தைத்துக்கொண்டே கூப்பிடுவாள். தங்கை வலப்பக்கச் சுவரைப் பார்த்தபடி, "அக்கா எங்க போனா?" என்று கேட்பாள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு இல்லாமல் போவது என்னவென்று அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது.

ஒரு பகல், தங்கையின் கழுத்து மெல்லத் திரும்பியது.

இடது பக்கம்.

அக்காவின் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. திரும்பிவிட்டாள்! கதிர் வேலை செய்கிறது! டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று எழப்போனவள், தங்கையின் கண்ணைப் பார்த்து அப்படியே நின்றாள். அந்தக் கண் அவள்மேல் நிற்கவில்லை. அவளைத் தாண்டி, அவள் தலைக்குச் சற்று மேலே நின்றது.

"எழுந்திரு, அக்கா," தங்கை கிசுகிசுத்தாள்.

"ஏன்டா?"

"நீ அவ மடியில உட்கார்ந்திருக்கே."

அக்காவின் முதுகுப் பக்கம் ஜாக்கெட் ஈரமாக இருந்தது.

அன்று சாயங்காலம் தங்கைக்கு வலிப்பு வந்து போனது. அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். அக்கா அழுது முடித்து, முகம் கழுவி, நேராக வந்து நாற்காலியின் முன் தரையில் உட்கார்ந்தாள். வெறும் நாற்காலியிடம் பேசுகிறோமே என்ற கூச்சம்கூட அவளுக்கு இல்லை.

"உனக்கு ஒரு ஆள்தானே வேணும்? அவளை விட்டுடு. நான் வரேன்."

வாடை சட்டென்று நின்றது.

கட்டிலிலிருந்து தங்கையின் குரல் வந்தது. கண் மூடித்தான் இருந்தது. "ஏன் அக்கா சொன்னே?"

"பாப்பா..."

"அவ உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. பாதிச் சோறு குடுத்து, பாதி உடம்பு குடுத்து, என் பக்கத்துலயே பிடிச்சு வச்சிருந்தேன். இப்ப நீயா கூப்பிட்டுட்டியே."

மறுநாள் தங்கை முழுத்தட்டும் சாப்பிட்டாள். முடியை இரண்டு பக்கமும் சீவிக்கொண்டாள். இடப்பக்கம் தாராளமாகத் திரும்பினாள். "காலியா இருக்கு," என்றாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் டாக்டருக்குப் போன் பண்ணினாள். மூளை வீக்கம் வடிந்திருக்கலாம் என்றார் அவர். அக்கா போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தங்கை அவளுடைய இடது தோளையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

ஒரு வாரம் போவதற்குள் தங்கை இறந்துபோனாள். பேரம் பேசியது அக்கா மட்டும்தான். விட்டுவிடுகிறேன் என்று எதிர்ப்பக்கம் வாக்குக் கொடுக்கவே இல்லை.

வீட்டில் தனி ஆளான பிறகு அக்கா மெஷினை விட்டு எழவில்லை. தைக்கக் கொடுத்திருந்த பெண் ஒருத்தி, உடுப்பை விரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னக்கா இது, ஒரு கைதான் வச்சிருக்கீங்க?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "வெயில்ல நின்னீங்களா? முகமெல்லாம் இப்படிச் சிவந்து கிடக்கு."

தங்கை பிடித்து நடப்பதற்காக வாங்கிய வாக்கரை வேறொரு நோயாளிக்குக் கொடுப்பதாகச் சொல்லி, நர்ஸ் ஒரு மத்தியானம் வந்தாள்.

"சாப்பிட்டீங்களா, அக்கா? உடம்பு பாதியா போச்சே. முதல்ல சாப்பிடுங்க, நான் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். இல்லன்னா ஊட்டி விட்டுடுவேன், ஆமா."

அக்கா தட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்துக்கொண்டாள். பசி இருந்தது. நர்ஸ் தன் மாமியாரைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டுக்கொண்டே வழித்துச் சாப்பிட்டாள்.

"முடிச்சாச்சு, சிஸ்டர். பாருங்க."

நர்ஸின் பேச்சு பாதியில் நின்றது.

தட்டைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, தட்டை மெல்ல அரைவட்டம் திருப்பி வைத்தாள்.

வெள்ளையாக, கலையாமல், அரைத்தட்டுச் சோறு.

"அட," என்றாள் அக்கா. "இது எங்கேருந்து வந்தது?"

நர்ஸ் அந்தச் சோற்றை ஒரு விரலால் தொட்டாள். அதன் சில்லிப்பில், சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். அவள் பார்வை அக்காவின் இடது பக்கம் போனது. அங்கேயே, அக்காவின் தலைக்குச் சற்று மேலே, அசையாமல் நின்றது.

"என்ன சிஸ்டர்? யாரைப் பார்க்கறீங்க?"

நர்ஸ் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். வாக்கரை எடுக்கவில்லை, வாசலில் கிடந்த செருப்பையும் போட்டுக்கொள்ளவில்லை. படியிறங்கிப் போனாள்.