பதின்மூன்றாவது மெஷின்

பன்னிரண்டு மெஷின்களையும் மாற்றி முடித்த பிறகும் பழைய சர்வரின் பட்டியலில் ஒன்று மிச்சம் இருந்தது. பெயரில்லாமல், ஓடிக்கொண்டு.

அட்டுவம்பட்டி விடுதி அலுவலகத்தின் மாடியறையில் மத்தியானம் மூன்றரைக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்டிருந்தது. சர்வர் விசிறிகளின் இரைச்சலும் ஈரப் பலகையின் வாடையும் மூலையில் தேங்கிய இருட்டும் சேர்ந்துகொண்டு தன்னை வெளியே தள்ளப் பார்ப்பதுபோல் இருந்தது சத்தியபிரியாவுக்கு. மூச்சு விட்டால் வெள்ளையாகப் புகைந்தது. வேலை என்னவோ எளிதுதான். பழைய சர்வருக்குள் வெறும் மென்பொருளாக ஓடும் மெஷின்களை ஒவ்வொன்றாகக் கீழ்த்தளத்துப் புது சர்வருக்கு அனுப்ப வேண்டும். ஓட்டம் நிற்காது. அங்கே நகல் கண் விழித்த நொடியில் இங்கிருப்பது அழிந்துபோகும். இடம் மாறியதே அந்த மெஷினுக்குத் தெரியாது. எல்லாம் போன பிறகுதான் பழையதை அணைக்கலாம். உள்ளே மீந்தது எதுவானாலும் அத்தோடு சரி.

கூட வேலைக்கு வந்து கீழே புது சர்வரோடு இருந்த ராஜ்மோகனை இன்டர்காமில் கூப்பிட்டாள்.

“அண்ணே, இன்னும் ஒன்னு கெடக்குங்க. இது நாம போட்டதே இல்ல.”

“பேயா இருக்கும், அதையும் சேத்து அனுப்பு. வெரசா முடிம்மா. நாலு மணிக்கு இங்கேருந்தே அணைச்சிருவேன். பனி இன்னும் இறங்கிட்டா பஸ்ஸு கெடைக்காது.”

அது எவ்வளவு காலமாக ஓடுகிறது என்று பார்த்தாள். இருபத்தேழு வருடம், நான்கு மாதம், ஆறு நாள். சர்வரை வாங்கியே நான்கு வருடம்தான். விரல் விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

அவளுடைய வயது. ஒரு நாள் பிசகவில்லை.

மணி மூன்று ஐம்பத்தாறு. விட்டுவைத்தால் அணைத்துவிடுவான். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

பத்து. நாற்பது. தொண்ணூறு. நூறு.

அறை ஒரு இமைப்பொழுது இருண்டு மீண்டது. பட்டியல் காலி.

பெருமூச்சு விட்டாள். புகையவில்லை. மறுபடி ஊதினாள். ஒன்றுமில்லை. பலகை வாடையும் இல்லை.

இன்டர்காமை எடுத்தாள். “அண்ணே, அணைக்காதீங்க.”

“ஏம்மா பிரியா, லைன்ல யாரும் பேசக் காணோமே,” என்றான் ராஜ்மோகன், பக்கத்தில் நின்ற யாரிடமோ.

பதில் வந்தது. அவளுடைய குரலில்.

“மேல யாரும் இல்லைங்கண்ணே. நான்தான் கடைசியா எறங்கி வந்தேன். அணைங்க.”

முதல் விசிறி நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. திரையின் வெளிச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது.

இன்டர்காமைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அதற்குள்ளாகவே கண்ணுக்குத் தெரியவில்லை.